சிறப்பு விருந்தினர்: சூரியன்

மேற்கு டெக்சஸ் முத்தமிழ்ப் பேரவையில் மொத்தம் முப்பத்தோரு பேர். அவர்களில் முப்பது பேர் நிர்வாகிகள். மிச்சமிருந்த ஒரே உறுப்பினர் நான்.

இது எப்படி நேர்ந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒடெஸா என்பது எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே இருக்கும் ஊர். கிணறுகளைப் பார்த்துக்கொள்ளத் தமிழ் இன்ஜினியர்களும், கிணறுகளைப் பார்த்துக்கொள்பவர்களின் நெஞ்சுவலியைப் பார்த்துக்கொள்ளத் தமிழ் டாக்டர்களும் வந்து சேர்ந்தார்கள். மூன்று குடும்பம் சேர்ந்ததும் பேரவை தொடங்கினார்கள். ஐந்து குடும்பம் ஆனதும் அது இரண்டாக உடைந்தது. பொங்கல் விழாவில் குத்துவிளக்கின் முதல் திரியை யார் ஏற்றுவது என்பதுதான் விவகாரம். இரண்டு வருடம் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு, பதினைந்து குடும்பம் ஆன பிறகு, 1983இல் சமாதானமானார்கள். சமாதானத்துக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: கணவன், மனைவி எல்லோருக்கும் பதவி. அடுத்த வருடம் நான் ஒரு பம்ப் கம்பெனியில் வரைபட இன்ஜினியராக வந்து இறங்கியபோது பதவிகள் தீர்ந்துவிட்டிருந்தன.

ஆனால் பேரவையின் சட்டதிட்டம், நான்காம் பிரிவு, ‘பொது உறுப்பினர் ஒருவராவது அமர்ந்திருந்தால்தான் கோரம்; இல்லையேல் கூட்டம் செல்லாது’ என்கிறது. அதனால் என்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். 1985 பிப்ரவரியில் எனக்கு ஃப்ளூ வந்தபோது ஆண்டுப் பொதுக்குழுவையே தள்ளிவைத்தார்கள். தலைவர் டாக்டர் தம்பிராஜா, யாழ்ப்பாணத்துக்காரர், ஊரிலேயே பெரிய இதய மருத்துவர், என் அபார்ட்மென்ட்டுக்கு நேரில் வந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

“ரூஃபஸ் தம்பி, உடம்பைக் கவனமாப் பாத்துக்கொள்ளும். நீர் விழுந்தீரெண்டால் எங்களுக்குக் கோரம் இல்லை” என்றார்.

அவருக்குப் பின்னால் கறுப்பு டை கட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். இரங்கல் செயலாளர் மரிய அந்தோணி. சமாதானத்தின்போது கடைசியாக மிஞ்சிய பதவி அது. இரண்டு வருடமாக அந்தப் பதவியில் இருக்கிறார். பேரவையில் ஒருவரும் சாகவில்லை. பாதிப் பேர் டாக்டர்கள் என்பதால் சாக விடுவதும் இல்லை. பெயர் வரவேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டு, ஒரு இரங்கல் உரையை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எல்லாக் கூட்டத்துக்கும் வருவார். வந்தவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். பிறகு சோர்ந்துபோய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். எனக்கு ஜுரம் நூற்று மூன்று என்று கேட்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இனி அமலி. அமலி என் மனைவி, தூத்துக்குடிப் பெண். கல்யாணமாகி ஒடெஸாவுக்கு வந்து ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் அவள் பார்த்த அமெரிக்கா என்பது எங்கள் அபார்ட்மென்ட், ஜன்னலுக்கு எதிரே ஒரு டயர் கடையின் பின்சுவர், தெருமுனை லாண்ட்ரி, சனிக்கிழமை கேமார்ட் கடை. நான் நயாகரா என்றேன், லீவு கிடைக்கவில்லை. கிராண்ட் கேன்யன் என்றேன்; கார் பாதி வழியில் நின்றுவிட்டது. டிஸ்னிலேண்ட் என்றதை அவள் காதிலேயே வாங்கவில்லை. இதற்கிடையில் அவள் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மே இருபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை ஃப்ளைட். டிக்கெட்டில் திரும்பி வரும் தேதியை மட்டும் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

“ஏன் அமலி, ரிட்டர்ன் டேட்டும் கன்ஃபர்ம் பண்ணிரலாமே?”

“அங்க போயி யோசிச்சுச் சொல்லுதேன்.”

“யோசிக்க என்ன இருக்கு?”

“நீங்க சொன்னதுல ஒண்ணாவது நடந்திருக்கா? இங்க மணல்மேட்டுல சூரியன் மறையறது அவ்வளவு அழகா இருக்கும்னு பக்கத்து வீட்டு லிண்டா சொல்லுதா. அதையாவது கூட்டிட்டுப் போயி காட்டுங்க. அதுக்கு லீவு வேண்டாம், விசா வேண்டாம், தெனம் அதுபாட்டுக்கு நடக்குது. அதையும் காட்ட முடியலைன்னா நான் எதை நம்பித் திரும்பி வர?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பெட்டியில் குளிர்காலக் கோட்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஜூன் மாதத் தூத்துக்குடிக்குக் கோட்டு எதற்கு? திரும்பி வராதவள்தானே அதையும் எடுத்துக்கொண்டு போவாள்?

விசாரித்தேன். மணல்மேடுகள் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்தன. அதில் உயரமான மேடுகள் வேட் என்ற பண்ணைக்காரருடைய நிலத்தில் இருந்தன. அவர் தன்னுடைய பழைய ஸ்கூல் பஸ்ஸில் ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய், மணலைக் காட்டி, சூரியன் மறைவதைக் காட்டி, கொண்டுவந்து விட்டுவிடுவார். அரைநாள் பயணம். ஆனால் இருபது பேருக்குக் குறைந்தால் பஸ்ஸை எடுக்கமாட்டார். இருபது பேருக்கு நான் எங்கே போவேன்? என் வாழ்க்கையின் ஆகப்பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன். பேரவையின் பொதுச்செயலாளர் பாலசுப்ரமணியனுக்குப் போன் போட்டேன்.

பத்தே நாளில் நாலு பக்க அழைப்பிதழ் வந்தது. தங்க நிறக் கரை. ‘மாபெரும் பாலை உலாவும் சூரிய அஸ்தமனப் பெருவிழாவும்’ என்று தலைப்பு. அதன் கீழே, ‘சிறப்பு விருந்தினர்: சூரியன்’. மனிதர் யாரையாவது கூப்பிட்டால் அவரை யார் மேடைக்கு அழைத்து வருவது என்று சண்டை வரும் என்பதால் செயற்குழு கூடி எடுத்த முடிவு அது. அதிலும் பிரச்சினை வராமல் இல்லை. ஊரில் உதயசூரியன் கட்சிக்கு ஓட்டுப் போட்ட ஆறு நிர்வாகிகள், அஸ்தமனத்துக்கு விழா எடுப்பது தங்களைக் குத்திக்காட்டுவதாகும் என்று வெளிநடப்புச் செய்து, டீ வந்ததும் திரும்பி வந்தார்கள். மற்ற கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள் அதனாலேயே நன்கொடையை இரண்டு மடங்காக்கினார்கள்.

நிகழ்ச்சி நிரலில் இருபத்துநான்கு இனங்கள். ஒவ்வொரு உரைக்கும் கீழே சின்ன எழுத்தில் ‘கரவொலி: திரு. ரூஃபஸ்’ என்று போட்டிருந்தது. என் பெயர் அச்சில் வந்ததை அமலியிடம் காட்டினேன். அவள் விரல் இருபத்தோராவது இனத்தில் நின்றது: ‘இரவு 9.40: சூரியன் மறைதல் (தலைவர் முன்னிலையில்).’

“எட்டு நாப்பத்தேழுக்கு சன்செட்னு பேப்பர்ல போட்டிருக்கு” என்றாள்.

மறுபடியும் பாலசுப்ரமணியனுக்குப் போன் போட்டேன். அவர் சென்னைக்காரர், எதற்கும் பதறமாட்டார்.

“சார், இதெல்லாம் ஒரு ப்ராப்ளமா? நம்ம ஃபங்ஷன் எது டயத்துக்கு நடந்திருக்கு? எல்லாம் கொஞ்சம் லேட்டாகும், நீங்க வொரி பண்ணாதீங்க.”

“லேட்டானா இன்னும் மோசம் இல்லையா சார்? சூரியன் போயிடுமே?”

“சீஃப் கெஸ்ட்டு எப்படி சார் பாதியில போவாரு? நன்றியுரை வரைக்கும் இருந்துதானே ஆகணும்?”

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு மால் பார்க்கிங் லாட்டில் வேட் பஸ்ஸோடு காத்திருந்தார். ஒல்லியான ஆள், நரைத்த மீசை, பெரிய தொப்பி. ஏற வேண்டியவர்கள் ஏறினால் இரண்டு பத்துக்குக் கிளம்பியிருக்கலாம். பஸ்ஸின் கதவுக்குக் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தது. துணைத்தலைவர்கள் இருவர் என்பதால் இரண்டு ரிப்பன், கத்தரிக்கோல் ஒன்று. இன்னொரு கத்தரிக்கோலுக்கு ஒருவர் வீட்டுக்குப் போய்வந்தார். இரண்டும் ஒரே நேரத்தில் வெட்டுப்பட வேண்டும் என்பதற்காகப் பாலசுப்ரமணியன் மூன்றுவரை எண்ணினார். நான் கைதட்டினேன்.

உள்ளே ஏறியதும் அடுத்த சிக்கல். பேரவை மரபுப்படி தலைவருக்கு முன்னால் யாரும் உட்காரக்கூடாது. டிரைவர் ஸீட்டோ தலைவரின் ஸீட்டுக்கு முன்னால் இருந்தது. டிரைவரைப் பின்னால் போகச் சொல்லலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். கடைசியில் தலைவரே வழி கண்டுபிடித்தார். டிரைவர் வேட் அவர்களைப் பேரவையின் கௌரவப் போஷகராக, அதாவது புரவலராக, நியமித்து அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. போஷகர் தலைவருக்கு முன்னால் உட்காரலாமாம். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நூறு டிகிரி வெயிலில், ஜரிகை வைத்த பச்சைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஒன்றும் புரியாமல் அந்த மனிதர் வண்டி ஓட்டினார். கியர் மாற்றும்போதெல்லாம் சால்வை நழுவியது. பாலசுப்ரமணியன் எழுந்துபோய் மறுபடி மறுபடி போர்த்திவிட்டார்.

வழியில் நான்கு இடத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். மணல்மேட்டு அடிவாரத்தில் இறங்கும்போது மணி ஐந்தரை. மணல் எங்கு பார்த்தாலும் வெள்ளையாக, அலை அலையாகக் கிடந்தது. அமலி செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு எட்டு வைத்தாள். “சுடுது” என்று சொல்லிச் சிரித்தாள். ஏழு மாதத்தில் அப்படி அவள் சிரித்துப் பார்த்ததில்லை. நானும் செருப்பைக் கழற்றினேன். வேட் மேற்கே ஒரு முகட்டைக் காட்டி, எட்டு ஐந்துக்குப் புறப்பட்டால் அங்கே ஏறிவிடலாம், அங்கிருந்து பார்த்தால் முப்பது மைலுக்கு மறைப்பு கிடையாது என்றார்.

அப்போதுதான் இலக்கியச் செயலாளர் டாக்டர் சுந்தரராமன் கையை உயர்த்தினார். இவர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுப்பவர். பேரவையிலும் அதே வேலைதான், ஊசி இல்லாமல்.

“ஒரு நிமிஷம். நாம பெரிய தப்புப் பண்ணப்போறோம். இது பாலை. பாலைக்குரிய பொழுது நண்பகல். சூரியன் சாயற பொழுது நெய்தலுக்குரியது, அதாவது கடற்கரைக்கு. பாலையில நின்னுண்டு சாயங்காலச் சூரியனைப் பார்த்தா ரெண்டாயிரம் வருஷ மரபு என்ன ஆறது? நாளைக்கு ஹூஸ்டன் சங்கத்துக்காரன் கேட்டா என்ன பதில் சொல்லுவோம்?”

முப்பது பேரும் கவலையானார்கள். ஹூஸ்டன்காரன் கேட்பான் என்பது எல்லோருக்கும் தெரியும். நாளை நண்பகலில் வந்து பார்த்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். நண்பகலில் எப்படி மறையும் என்று இன்னொருவர் கேட்டார். அதற்கு ஒரு துணைக்குழு போடலாம் என்று பாலசுப்ரமணியன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆய்வுச் செயலாளர் அரியரட்ணம் முன்னால் வந்தார். எண்ணெய்க் கம்பெனியில் பூமியைத் தோண்டி ஆராய்பவர்.

“ஒருத்தரும் பதறாதேங்கோ. இருபத்தைஞ்சு கோடி வருசத்துக்கு முந்தி இந்த இடம் முழுக்கக் கடல். நாங்கள் நிக்கிறது கடலுக்கு அடியிலை. அப்பிடியெண்டால் இது நெய்தல்தானே?”

“இப்போ ஜலம் எங்கே ஓய்?” என்றார் சுந்தரராமன்.

“வத்திப்போச்சுது. அதுக்குக் கடல் என்ன செய்யும்?”

வாக்கெடுப்பு நடந்தது. நெய்தல் பதினைந்து, பாலை பதினைந்து. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மணி ஆறே கால் ஆகியிருந்தது. எது சீக்கிரம் முடியுமோ அதற்கு ஓட்டுப் போடுவது என்று தீர்மானித்து, கடல் என்றேன். உடனே சுந்தரராமன் மாற்றுக்கருத்து அறிக்கை வாசிக்க அனுமதி கேட்டார். அது நாற்பது நிமிடம் ஓடியது.

இவர்கள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று வேட் என்னிடம் மெதுவாகக் கேட்டார். இந்த இடத்தைக் கடல் என்று இப்போது முடிவு செய்திருக்கிறோம் என்றேன். அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு மணலில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். தன் தாத்தா அதை நிலம் என்று சொல்லித்தான் வாங்கினார் என்றார்.

ஏழு மணிக்கு மேடை போடத் தொடங்கினார்கள். மேடையென்றால், மேற்குப் பக்கம் மறைப்பில்லாத ஒரு மணல் திட்டில் முப்பது மடக்கு நாற்காலிகள். அவற்றைப் பஸ்ஸிலிருந்து தூக்கி வந்து போடுவது பொது உறுப்பினரின் உரிமை என்பதால் நான் போட்டேன். தலைவர் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தால்தான் பேரவை வளரும் என்று ஒரு துணைத்தலைவர் சொன்னார். ஆகவே மேடை கிழக்குப் பார்த்தது. சபை மேற்குப் பார்த்தது. சபை என்பது மணலில் உட்கார்ந்த நானும் அமலியும்தான். பிள்ளைகள் அட்டைப்பெட்டி மூடிகளில் உட்கார்ந்து மணலில் சறுக்கப் போய்விட்டார்கள்.

மேற்குப் பார்த்தால் நல்லதுதானே என்று நான் மகிழ்ந்த நேரத்தில் பேனர் வந்தது. இருபத்துநாலு அடி நீளம், பத்தடி உயரம். மேடைக்குப் பின்னால் இரண்டு உயரமான கம்பம் நட்டு, கப்பி வைத்து, தலைவர் கொடியேற்றுவதுபோல் கயிற்றை இழுக்க, பேனர் மெல்ல மேலே போனது. ‘சூரிய அஸ்தமனப் பெருவிழா’ என்ற ஆளுயர எழுத்துகளுக்குப் பின்னால் சூரியன், மணல், முகடு, முப்பது மைல், எல்லாம் காணாமல் போயின. நான் கைதட்டினேன்.

குத்துவிளக்கு அடுத்து. பாலைவனக் காற்றில் திரி நிற்குமா? பதினெட்டுத் தீக்குச்சி போன பிறகு வேட் தன் தொப்பியைக் கழற்றி விளக்குக்கு மேலே பிடித்தார். முதல் திரியை ஏற்றியவர் யார் என்று தொப்பிக்குள் யாருக்கும் தெரியாததால் அன்று சண்டை வரவில்லை. தொப்பியின் ஓரம் மட்டும் கொஞ்சம் கருகியது.

பிறகு உரைகள். தலைவர் மெகாபோனை வாங்கினார்.

“சபையோர்களே,” என்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார். “எனக்கு நேரமே இல்லை. இண்டைக்கும் ரெண்டு பேருக்கு நெஞ்சைத் திறக்க வேண்டியிருந்தது. அவையளைப் பொறுக்கச் சொல்லிப்போட்டு வந்திருக்கிறன். ஏனெண்டால் சேவை முக்கியம். இந்தப் பேரவையிலை முப்பது பேருக்குப் பதவி குடுத்தவன் நான். வேலை செய்யிறதுக்கு ஒருத்தர் போதும் எண்டு ரூஃபஸ் தம்பியை அப்பிடியே விட்டு வைச்சிருக்கிறம். சிலபேர் கேக்கினம், சூரியன் தினமும்தானே மறையுது, இதுக்கு விழா என்னத்துக்கு எண்டு. நான் கேக்கிறன், இதுவரைக்கும் ஒரு தலைவர் முன்னிலையிலை மறைஞ்சிருக்குதோ?”

கைதட்டினேன். அவர் பேசப் பேச, நாற்காலிகள் மணலில் இறங்கத் தொடங்கின. நீளமாகப் பேசியவர்கள் உட்கார்ந்ததும் இன்னும் ஆழமாக இறங்கினார்கள். ஏழாவது உரையில் தலைவரின் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. மரியாதை கருதி யாரும் அதைக் கவனிக்கவில்லை. மற்றவர்களும் அவரைவிட உயரமாகத் தெரிந்துவிடக்கூடாது என்று தங்கள் நாற்காலியை ஆட்டி ஆட்டிக் கீழே இறக்கிக்கொண்டார்கள்.

எட்டு ஐந்துக்கு வேட் எழுந்து முகட்டைக் காட்டினார். போஷகர் ஏதோ வாழ்த்துகிறார் என்று நினைத்து மேடையே அவருக்குக் கும்பிடு போட்டது. எட்டு இருபதுக்குச் சின்னப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள்.

“டாட்! த சன் இஸ் லைக், கோயிங் டவுன்!”

“ஷ்! அங்க்கிள் பேசிட்டிருக்காங்க இல்ல?” என்றார் மேடையிலிருந்த தகப்பனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளங்கை இரண்டும் இட்லியாக வீங்கியிருந்தன. எழுந்தேன். “அமலி, வா, பேனருக்கு அந்தப் பக்கம் போயிரலாம்.”

“உட்காருங்க சார்!” பாலசுப்ரமணியன் மேடையிலிருந்து அலறினார். “கோரம் போயிடும்!”

போயே விட்டது. நான் எழுந்து நின்ற நொடியில் நான்காம் பிரிவின்படி கூட்டம் செல்லாததாகிவிட்டது. ஆகவே அப்போது பேசிக்கொண்டிருந்த சுந்தரராமன், ஒரு செருமல் செருமிக்கொண்டு, தன் உரையை முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் திரும்பி உட்கார்ந்தேன்.

“அமலி, நீயாவது போயிப் பாரேன். நீ மெம்பர் இல்லையே, உன்னைய யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றேன்.

அவள் போகவில்லை. பேனரையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணிக்குப் பின்னால் சூரியன் மங்கலான ஒரு வட்டமாகத் தெரிந்தது. ‘பெருவிழா’வின் ‘ழா’வுக்குப் பின்னால் இருந்தது மெல்ல அடுத்த வரியில் தலைவர் பெயருக்கு இறங்கியது.

“நான் தனியாப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? உங்ககூடப் பாக்கணும்னு இருந்தேன்” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. கோபமாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு மணல்மேட்டில், ஒரு சாயங்காலத்தில், மனைவிக்குச் சூரியனைக் காட்டத் துப்பில்லாதவன் நான் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அந்தக் கோட்டு ஞாபகம் வேறு வந்தது.

மணி எட்டு முப்பத்தெட்டு. அமலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தாள். கடைசி நாற்காலியில் கறுப்பு டையோடு சோர்ந்து உட்கார்ந்திருந்தார் மரிய அந்தோணி. எழுந்து நேராக அவரிடம் போனாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

“அங்க்கிள், எழுதி வச்சிருக்கீங்களே, அது கையில இருக்கா?”

“இருக்கும்மா. இருந்து என்ன பண்ண?” என்று சட்டைப்பையைத் தொட்டார். “எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க.”

“சீஃப் கெஸ்ட்டைப் பாத்தீங்களா?”

“ஏன், அவருக்கு என்ன?”

“பின்னால திரும்பிப் பாருங்க. காலையில இருந்த தெம்பு இருக்கா? இன்னும் பத்து நிமிஷம் தாங்கமாட்டாரு. அழைப்பிதழ்ல பேர் போட்ட பெரிய மனுசன் நம்ம மேடைக்குப் பின்னாலயே போயிச் சேந்து, பேரவை ஒரு வார்த்தை சொல்லலைன்னா, நாளைக்கு ஹூஸ்டன்காரங்க என்ன நினைப்பாங்க?”

மரிய அந்தோணி பேனரின் ஓரத்தால் எட்டிப் பார்த்தார். சூரியன் சிவந்து, பருத்து, அடிவானத்துக்கு ஒரு முழம் மேலே நின்றது. நிலைமை கவலைக்கிடம் என்பது பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருடம் காத்திருந்த மனிதர். டையை இறுக்கிக்கொண்டு எழுந்தார். நடந்துபோய், சுந்தரராமன் வாயிலிருந்து மெகாபோனை எடுத்தார்.

“என்ன ஓய் இது!” என்றார் சுந்தரராமன்.

“பதினோராம் பிரிவு” என்றார் மரிய அந்தோணி. “இரங்கல் அறிவிப்புக்கு மற்ற எல்லா நிகழ்ச்சியையும்விட முன்னுரிமை உண்டு.”

மேடை அதிர்ந்தது. யார், யார் என்று கேட்டார்கள். டாக்டர்கள் ஒருவர் நாடியை ஒருவர் பிடித்துப் பார்த்தார்கள். அவர் காகிதத்தைப் பிரித்தார்.

“பேரவையின் மீது நீங்காத அன்பு கொண்டவரும், எளியவர் பெரியவர் என்று பாராமல் எல்லோரிடமும் ஒன்றுபோல் பழகியவரும், நமது சிறப்பு விருந்தினருமான திரு. சூரியன் அவர்கள், சற்று நேரத்தில் நம்மைவிட்டுப் பிரிய இருக்கிறார் என்பதை ஆழ்ந்த துயரத்தோடு அறிவிக்கிறேன். அன்னாரின் பிரிவால் உலகமே இருளில் ஆழ்ந்துவிடும் என்றால் அது மிகையாகாது.”

பெயரையும் பதவியையும் காலத்தையும் தவிர உரையில் ஒரு சொல்லையும் அவர் மாற்றவில்லை. யாருக்காகவோ எழுதியது அப்படியே பொருந்திப்போனது. தலைவருக்கே கண் கலங்கிவிட்டது.

“மரபுப்படி பேனரை அரைக்கம்பத்துக்கு இறக்கவும். எல்லோரும் எழுந்து, அன்னார் இருக்கும் திசை நோக்கி நின்று, இரண்டு நிமிடம் மௌனம் காக்கவும். பெரியவர் என்பதால் நான்கு நிமிடமாகக் கொள்ளவும்.”

இரங்கல் என்றால் மறுக்க முடியாது. மறுத்தவனைப் பற்றி ஊர் என்ன பேசும்? பாலசுப்ரமணியன் ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தார். பேனர் சரசரவென்று பாதிக்கு இறங்கியது. அந்தப் பக்கம் நிலம் சரிவு என்பதால் பாதியே போதுமானதாக இருந்தது. முப்பது நிர்வாகிகளும் முழங்கால்வரை புதைந்த நாற்காலிகளிலிருந்து ஒருவரை ஒருவர் பிடித்து இழுத்து எழுந்து, மேற்கே திரும்பினார்கள்.

திரும்பியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

மணல் முழுவதும் ஆரஞ்சு நிறமாகியிருந்தது. மேடுகளின் நிழல் ஒவ்வொன்றும் நீலமாக எங்கள் காலடிவரை நீண்டு வந்திருந்தது. சூரியன் முகட்டைத் தொட்டு, கொஞ்சம் சப்பையாகி, ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கையில் அட்டையோடு அங்கங்கே நின்றார்கள். வேட் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். மேற்கு டெக்சஸ் முத்தமிழ்ப் பேரவையின் வரலாற்றில் நான்கு நிமிடம் தொடர்ந்து ஒருவரும் பேசாமல் இருந்தது அதுதான் முதல்முறை. அமலி என் வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டாள். வலித்தது, ஆனாலும் கையை எடுக்கவில்லை. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. கடைசித் துண்டும் உள்ளே போனபோது எனக்கு நிஜமாகவே யாரையோ வழியனுப்பியதுபோல் இருந்தது.

“மௌனம் கலையலாம்” என்றார் மரிய அந்தோணி.

பழக்கதோஷம், நான் கைதட்டிவிட்டேன். இரங்கலுக்குக் கைதட்டியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தப் போனேன். பக்கத்தில் அமலியும் தட்டத் தொடங்கினாள். பிள்ளைகள் தட்டினார்கள். பிறகு வேட், பிறகு கௌரவத்தை மறந்து முப்பது பேரும். மரிய அந்தோணி அது தன் உரைக்கு என்று நினைத்துத் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது மிச்சமிருந்த உரைகளைத் தலைவர் ரத்து செய்துவிட்டார். துக்க நாளில் கொண்டாட்டம் கூடாதாம். அமலி ஜன்னலோரம் உட்கார்ந்து செருப்பிலிருந்த மணலைத் தட்டினாள். வீட்டுக்குள் போனதும் பெட்டியைத் திறந்து அந்தக் கோட்டை எடுத்து அலமாரியில் மாட்டினாள். செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போனாள்.

ஜூன் நடுவில் எனக்கு இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் வந்தன. ஒன்று பேரவையிலிருந்து. ‘மேற்படி சூரியன் மறுநாள் காலை 6.49க்கு உதித்ததாகவும், அதன் பிறகும் தினசரி உதித்து வருவதாகவும் உறுப்பினர்களிடமிருந்து தகவல் வந்திருப்பதால், இரங்கல் தீர்மானம் திரும்பப் பெறப்படுகிறது. உறுதி செய்துகொள்ளாமல் அறிவித்ததற்காக இரங்கல் செயலாளரிடம் விளக்கம் கேட்கப்பட்டிருக்கிறது. தக்க நேரத்தில் கைதட்டிய திரு. ரூஃபஸ், கரவொலிச் செயலாளராக நியமிக்கப்படுகிறார். இதனால் காலியாகும் பொது உறுப்பினர் இடத்துக்குத் திருமதி அமலி அவர்கள் ஊரிலிருந்து திரும்பியதும், விமான நிலையத்திலேயே வரவேற்பு விழா எடுத்து அவரை ஏகமனதாகச் சேர்த்துக்கொள்வதெனத் தீர்மானிக்கப்பட்டது. நிகழ்ச்சி நிரல் இணைப்பில்.’ பதினாறு இனங்கள் இருந்தன.

இன்னொன்று தூத்துக்குடியிலிருந்து, நீல ஏரோகிராம். கல்யாணம் நன்றாக நடந்தது, மழை இல்லை, மாப்பிள்ளை கொஞ்சம் குள்ளம் என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் அமலி இப்படி எழுதியிருந்தாள்:

‘ஜூலை பதினெட்டாம் தேதி வருகிறேன். டிக்கெட் கன்ஃபர்ம் பண்ணியாச்சு. ஏர்போர்ட்டுக்கு நீங்கள் மட்டும் வந்தால் போதும். யாரிடமும் சொல்ல வேண்டாம்.’